மூப்பும் அறிவும்: எடின்பரோ ஆராய்ச்சி ஒன்று

மக்கட் பிறவி எடுத்தார் யாவர்க்கும் பொதுவாய் வருவது மூப்பு. செல்வரும் வறிஞரும், கற்றாரும் கல்லாரும் அதற்கு விலக்கல்லர். ஆயினும் அஃது எல்லார்க்கும் ஒரு படித்தாய் வருவதன்று. எண்பது யாண்டு கடந்தும் தெளிந்த அறிவும் தளராத நினைவும் உடையாரைக் காண்கின்றோம். அறுபதிலேயே பெயரும் முகமும் மறந்து மயங்குவாரையும் காண்கின்றோம். இவ்வேற்றுமை எதனால் விளைவது?

இவ்வினா புதியதன்று. ஆண்டு பலவாகியும் நரை தோன்றாதிருந்த பிசிராந்தையாரைச் சான்றோர் இதனையே வினவினர் என்பது புறநானூறு கற்றார் அறிந்த செய்தி. மனைவி மக்கள், ஏவலர், அரசன், ஊரிலுள்ள சான்றோர் ஆகிய இவர்தம் நன்மையே காரணமென அப்புலவர் விடை பகர்ந்தார். விடை அழகியது, ஐயமில்லை. எனினும் ஆராய்ச்சியாளன் ஒருவன் அவ்விடத்தே மேலும் ஒன்று கேட்பான். நல்ல சூழல் வாய்த்தமையால் அவர் மூவாதிருந்தாரா? அன்றி, இளமையிலிருந்தே திண்ணிய உடலும் தெளிந்த உள்ளமும் உடையராதலின், நல்ல சூழலைத் தமக்கு அமைத்துக்கொண்டாரா? இவற்றுள் எது காரணம், எது காரியம்? இதனைத் துணிதற்கு அவருடைய இளமை நிலையை நாம் அறிந்திருத்தல் வேண்டும். முதியவர் ஒருவரின் இளமையை அளந்தறிவது எங்ஙனம்?

எமக்கு இஃது ஏட்டளவில் நின்ற வினாவன்று. எம் பாட்டனார் நாற்பதாண்டு தொடக்கப்பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். அவர்தம் இளவல் அதே வீட்டிற் பிறந்து, அதே உணவுண்டு வளர்ந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி உழவை மேற்கொண்டவர். இன்று எண்பத்து நான்கு வயதினராகிய பாட்டனார், காலையில் உண்டதனை நண்பகலில் மறக்கின்றார். எண்பத்திரண்டு வயதினராகிய சிறிய பாட்டனாரோ, ஊரில் எவர் நிலம் எந்த ஆண்டில் எவர்க்கு என்ன விலைக்குக் கைமாறிற்று என்பதைப் பிழையறச் சொல்கின்றார். சென்ற விடுமுறையில் இதனைக் கண்டு வருந்திய யாம், மூப்பைக் குறித்து அறிஞர் கண்டவை யாவை எனத் தேடத் தலைப்பட்டோம். அங்ஙனம் தேடியவிடத்து எம் உள்ளத்தைக் கவர்ந்தது, ஸ்காட்லாந்து தேயத்து எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இயன் டியரி முன்னின்று நடத்திய ஆராய்ச்சி. அந்நாடு நமக்கு முற்றும் அயலானதன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு வித்தாகிய பள்ளியை 1837-இல் தொடங்கிய ஜான் ஆண்டர்சன் ஸ்காட்லாந்தினரே. அங்கிருந்து நமக்குக் கல்வி வந்த கதையை நாம் அறிவோம். அங்குப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய தேர்வொன்று மூப்பின் மறையைத் திறந்த கதையை ஈண்டு உரைக்கின்றோம்.

1. தேர்வும் ஏடுகளும்

1932-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள், ஸ்காட்லாந்து நாடெங்கும் பள்ளிகளில் ஒரு தேர்வு நடைபெற்றது. 1921-இல் பிறந்து, அன்று பள்ளியிலிருந்த பிள்ளைகள் ஏறத்தாழ எல்லாரும் அதனை எழுதினர். எழுதியோர் தொகை 87,498. ஒரு நாட்டில் ஓராண்டிற் பிறந்த பிள்ளைகள் அனைவரையும் ஒரே நாளில் ஒரே தேர்வால் அளந்தமை வியக்கத் தக்கது. அத்தேர்வுக்கு மோரே ஹவுஸ் பன்னிரண்டாம் தேர்வு என்று பெயர். எடின்பரோவிற் கல்வித்துறைப் பேராசிரியராய் விளங்கிய காட்ஃபிரே தாம்சன் என்பார் வழிவந்தது அது. காலம் 45 நிமிடம். முழு மதிப்பெண் 76. சொற்பொருள், எதிர்ச்சொல், பழமொழி, எண்கணக்கு, மறைமொழி அவிழ்த்தல், உய்த்துணர்தல் எனப் பலவகை வினாக்கள் அதில் அடங்கியிருந்தன.

பிள்ளைகளின் அறிவுத்திறன் நாட்டில் எவ்வாறு பரந்து கிடக்கின்றது, தனிக் கல்வி வேண்டுவோர் எத்துணையர் என்பனவற்றை அறிதலே அன்று கருதப்பட்ட பயன். பதினைந்து ஆண்டு கழித்து, 1947 ஜூன் 4-இல், 1936-இல் பிறந்த பிள்ளைகள் 70,805 பேர் அவ்வாறே தேர்வெழுதினர். நாட்டு மக்களின் அறிவு தலைமுறைதோறும் குன்றி வருகின்றது என்றோர் அச்சம் அக்காலத்து அறிஞர் சிலரிடை நிலவிற்று. அதனைத் தெளிதற்கே இரண்டாந் தேர்வு. குன்றவில்லை, சிறிது ஏறியே உள்ளது எனக் கண்டு அவர்கள் அமைந்தனர். பின்னர் மதிப்பெண் ஏடுகள் கட்டிவைக்கப்பட்டன. அவற்றை எண்ணுவாரும் அருகினர். தேர்வெழுதிய பிள்ளைகள் போருக்குச் சென்றனர், தொழில் புரிந்தனர், மணம் புரிந்தனர், பிள்ளைகளைப் பெற்றனர், முதுமையும் எய்தினர்.

2. ஏடுகள் மீண்டும் வெளிப்பட்டமை

இயன் டியரி 1954-இற் பிறந்தவர். மருத்துவங் கற்று, மனநோய் மருத்துவத்திலும் பயின்று, பின்னர் உளநூற் பேராசிரியரானவர். மக்கள் அறிவால் ஒருவரின் ஒருவர் வேறுபடுவது எங்ஙனம், ஏன் என்பதே அவர்தம் ஆராய்ச்சிப் பொருள். அபர்டீன் பல்கலைக்கழகத்து மனநோய் மருத்துவரான லாரன்ஸ் வால்லியும் அவரும், 1997-இல் அப்பழைய தேர்வின் ஏடுகளைத் தேடினர். எடின்பரோவில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் அவை தூசு படிந்து கிடந்தன. பள்ளிதோறும் பிள்ளையின் பெயரும், பிறந்த நாளும், மதிப்பெண்ணும் மையால் எழுதப்பட்டிருந்தன. ஃபைஃப், விக்டவுன், ஆங்கஸ் என்னும் மூன்று நாட்டுப்பகுதிகளின் 1932-ஆம் ஆண்டு ஏடுகள் மட்டும் அகப்படவில்லை. ஏனையவை பிழைத்திருந்தன.

இவ்வேடுகளின் அருமையை உடனே உணர்ந்தமையே டியரியின் பெருமை. முதுமையை ஆராய்வார்க்குள்ள பெருங்குறை யாது? எழுபது வயதினர் ஒருவரை இன்று அளந்து அவர்தம் அறிவு மங்கியுள்ளது என்பாராயின், எந்நிலையினின்று மங்கியது என்பது தெரியாது. இளமையிலேயே அத்துணையரோ, அன்றி உயர்ந்த நிலையினின்று இழிந்தவரோ? தொடக்கம் அறியாமல் இழப்பை அளத்தல் இயலாது. முதலை அறியாத வணிகன் ஊதியமும் இழப்பும் கணக்கிடுதல் யாங்ஙனம்? ஸ்காட்லாந்தில் அம்முதலைக் குறித்த கணக்கு நிலவறையில் இருந்தது.

தேர்வு நடந்து சரியாக அறுபத்தாறு ஆண்டு சென்றபின், 1998 ஜூன் முதல் நாள், அபர்டீன் நகரத்து இசை மண்டபத்தில் முதியோர் பலர் கூடினர். பதினொரு வயதில் எழுதிய அதே தேர்வை எழுபத்தேழாம் வயதில், அதே 45 நிமிடத்தில் மீண்டும் எழுதினர். அன்றும் அதனையடுத்தும் எழுதினோர் 101 பேர். பள்ளிக்கூட மணி மீண்டும் அடித்தது போலும் அக்காட்சியை எண்ணுந்தோறும் எமக்கு உவகையும் நெகிழ்ச்சியும் ஒருங்கே உண்டாகின்றன.

3. பல துறையறிஞர் ஒருங்கு கூடல்

இதன்பின் எடின்பரோவையும் அதனைச் சூழ்ந்த லோதியன் பகுதியையும் சார்ந்தோர் ஆராய்ச்சிக்குத் திரட்டப்பட்டனர். 1921-இற் பிறந்தாருள் 550 பேர் 1999 முதல் 2001 வரையும், 1936-இற் பிறந்தாருள் 1,091 பேர் 2004 முதல் 2007 வரையும் சேர்ந்தனர். முன்னவர்க்கு அப்போது வயது எழுபத்தொன்பதளவு, பின்னவர்க்கு எழுபதளவு. சில ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் மீண்டும் மீண்டும் வந்து தம்மை அளக்கத் தந்தனர்.

மூப்பு என்பது ஒரு துறையின் எல்லையுள் அடங்குவதன்று. உளநூலார் நினைவையும் விரைவையும் அளந்தனர். முதியோர் மருத்துவரான ஜான் ஸ்டார் உடல்நிலையை ஆராய்ந்தார். ஜோனா வார்ட்லா என்னும் பேராசிரியையின் வழிகாட்டலில், 1936-இற் பிறந்த கூட்டத்தாருள் ஏறத்தாழ 700 பேர்க்கு எழுபத்து மூன்றாம் வயதில் காந்தக் கருவியால் மூளை படம் பிடிக்கப்பட்டது. குருதியினின்று மரபணுக்களைப் பிரித்தறிந்தோர் சிலர். உணவும் தொழிலும் வாழ்ந்த தெருவும் கேட்டெழுதியோர் சிலர். இவை அனைத்தையும் கணித நூல்வழிக் கோத்தோர் சிலர். 2008-இல் எடின்பரோவில் அறிவு மூப்பினை ஆராய்தற்கென ஒரு நடுவம் நிறுவப்பட்டு டியரி அதன் தலைவராயினார். பின்னர் அவர் ஓய்வு பெற, சைமன் காக்ஸ் என்பார் லோதியன் ஆராய்ச்சியின் பொறுப்பை ஏற்றார்.

4. கண்டறிந்தவை

முதலாவது, இளமையறிவும் முதுமையறிவும் நெருங்கிய தொடர்புடையன. இரண்டு வரிசைகள் முழுதும் ஒத்துச் செல்லின் அத்தொடர்பை 1 என்றும், ஒற்றுமையே இல்லையாயின் 0 என்றும் கணித நூலார் குறிப்பர். பதினோராம் வயது மதிப்பெண்ணுக்கும் எழுபதாம் வயது மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு ஏறத்தாழ 0.67. இதன் பொருள் யாது? முதியோரிடையே காணும் அறிவு வேற்றுமையிற் பாதிக்குச் சற்றுக் குறைந்த பங்கு, அவர்கள் பதினொரு வயதிலேயே கொண்டிருந்த வேற்றுமையின் தொடர்ச்சி. எஞ்சிய பாதிக்கு மேற்பட்ட பங்கு இடைப்பட்ட வாழ்க்கையைச் சார்ந்தது. அளவையிற் புகும் பிழையும் அதனுள் அடங்கும். ஆதலின் எல்லாம் பிறவியின் விதி என்பாரும் பிழைபடுவர். எல்லாம் நம் முயற்சி என்பாரும் பிழைபடுவர்.

இளமை மதிப்பெண்ணையும் பிறவிப் பேறு என்றே கொள்ளலாகாது. பதினோராண்டு உண்ட உணவும், பெற்றோர் பேசிய பேச்சும், ஆசிரியர் கற்பித்த பாடமும் அதனுள் உள்ளன. மரபணுவின் பங்கையும் இவ்வறிஞர் 1,940 பேரிடம் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டனர். இளமை முதல் முதுமை வரை அறிவில் நேரும் மாறுதலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மரபணு வேற்றுமையால் விளைவதாம் என்பது அவர்கள் கண்ட மதிப்பு. அம்மதிப்பில் ஏற்றத்தாழ்வுக்கு மிக்க இடமுண்டு எனவும் அவர்களே கூறினர்.

இரண்டாவது, இளமை மதிப்பெண்ணுக்கும் வாழ்நாளுக்கும் தொடர்புண்டு. அபர்டீன் நகரப் பிள்ளைகள் 2,792 பேரைப் பின்தொடர்ந்த ஆராய்ச்சி 2001-இல் வெளிவந்தது. அறிவளவையில் 15 எண் குறைந்தோர், எழுபத்தாறு வயது வரை உயிருடனிருக்கும் வாய்ப்பில், ஏனையோரை நோக்க நூற்றுக்கு எழுபத்தொன்பதே பெற்றிருந்தனர். அறிவு நோயைத் தடுக்கின்றதா? நல்ல தொழிலையும் நல்ல வீட்டையும் தந்து அதன்வழிக் காக்கின்றதா? அன்றி, திண்ணிய உடலமைப்பின் அடையாளமாய் நிற்கின்றதா? இவ்வழிகளுள் ஒன்றேயென இன்னும் துணிந்திலர்.

மூன்றாவது, பலர்க்கும் வியப்புத் தருவது. காப்பி அருந்தும் முதியோர் அறிவுத் தேர்வுகளில் சிறந்து விளங்குதல் முதல் நோக்கிற் கண்டனர். பிற நாட்டினராயின் இதனைக் கொண்டே, காப்பி அறிவை வளர்க்கும் என்று பறை சாற்றியிருப்பர். எடின்பரோவினர் ஏடுகளைப் புரட்டிப் பதினோராம் வயது மதிப்பெண்ணையும் குடும்ப நிலையையும் கணக்கிற் சேர்த்தனர். சேர்த்ததும் அத்தொடர்பு பெரும்பாலும் மறைந்தொழிந்தது. இளமையில் அறிவு மிக்கோராயிருந்தவரே பிற்காலத்துக் காப்பி அருந்தும் வாழ்க்கை நிலையை எய்தினர் என்பதே உண்மை. காரியத்தைக் காரணமெனக் கொள்ளும் மயக்கம் இங்ஙனம் வெளிப்பட்டது. பிசிராந்தையாரிடம் யாம் கேட்க விரும்பிய வினாவுக்கு, அவரைக் குறித்தன்றாயினும், விடைகாணும் வழி இஃதேயாம்.

5. நாம் கொள்ளத் தக்கவை

அங்ஙனமாயின் இளமை அளவையைக் கணக்கிற் சேர்த்த பின்னும் நிலைத்து நிற்பவை யாவை?

உடலியக்கம் ஒன்று. எழுபதாம் வயதில் மிகுதியும் நடந்தும் உழைத்தும் வந்தோர்க்கு, எழுபத்து மூன்றாம் வயதிற் பிடித்த படத்தில் மூளைச் சுருக்கம் குறைந்து காணப்பட்டது. இது 2012-இல் வெளியானது.

புகை பிடியாமை ஒன்று. புகை பிடிப்போர்க்கு மூளையின் புறப்படை மெலிந்திருந்தது. விட்டொழித்தோர்க்கு ஆண்டு செல்லச் செல்ல அம்மெலிவு குறைந்து காணப்பட்டது. முழுதும் மீளுதற்கு இருபத்தைந்து ஆண்டளவு ஆகலாம் என 2015-இல் கணித்தனர். இன்று பத்தொன்பது வயதினராகிய நாம் தொடங்காதிருத்தல், பின்னர் இருபத்தைந்து ஆண்டு காத்திருத்தலினும் எளிதன்றோ?

மூன்றாவது, தமிழ் மாணவராகிய எமக்கு மிக்க மகிழ்ச்சி தந்தது. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட அக்கூட்டத்தாருள் 853 பேரைத் தாமஸ் பாக் என்னும் அறிஞரும் பிறரும் ஆராய்ந்தனர். அவருள் 262 பேர் வேறொரு மொழியும் பேச வல்லவர். இளமை மதிப்பெண்ணைக் கொண்டு எதிர்பார்க்கத் தக்க அளவினும் அவர்கள் முதுமையிற் சிறந்து விளங்கினர்; பதினெட்டு வயதுக்குப் பின் மொழி கற்றோர்க்கும் அந்நன்மை காணப்பட்டது. பட்டம் பெற்ற பின் மொழிப்பாடத்தை மூட்டை கட்டி வைக்கும் நம் பழைய மாணவர் இதனைக் கருதுவாராக.

இவற்றுள் ஒன்றேனும் காயகற்பம் அன்று. ஒவ்வொன்றாலும் வரும் ஆதாயம் சிறிது. சிறுதுளி பல சேர்ந்தே பெருவெள்ளமாகும்.

6. ஆராய்ச்சியின் எல்லை

இவ்வாராய்ச்சிக்கும் எல்லையுண்டு. தாமே விரும்பி வந்தோர் இயல்பாகவே நலமும் ஊக்கமும் மிக்கோர். நோயுற்றோரும் இறந்தோரும் வரவியலாது. ஒரு நாட்டார் நிலை எல்லா நாட்டார்க்கும் அப்படியே பொருந்தும் என்பதற்கில்லை. உடலியக்கமும் மொழியும் குறித்த முடிவுகளும் தொடர்பைக் காட்டுவனவேயன்றிக் காரணத்தை முற்றும் நாட்டுவன அல்ல. மேலும், ஒரு கூட்டத்தின் கணக்கைக் கொண்டு தனியொருவர் வாழ்வைத் தீர்த்துரைத்தல் தகாது.

எம் இரு பாட்டன்மார் பொருட்டுத் தொடங்கிய தேட்டத்தில் யாம் பெற்ற விடையும் இதுவே. ஒருவர் ஏன் மறந்தார், ஒருவர் ஏன் மறந்திலர் என்பதற்கு எடின்பரோ ஏடுகள் விடை தாரா. ஆயின் ஒரு தவறான எண்ணத்தினின்று எம்மை விடுவித்தன. கற்ற கல்வி பாட்டனாரைக் கைவிட்டதென யாம் மனம் நொந்தோம். இருவரைக் கொண்டு அவ்வாறு துணிதல் காப்பிக் கதை போல்வதொரு மயக்கமே என்று இப்போது தெளிந்தோம். அண்மையில் நடந்ததனை அடிக்கடி மறத்தல் மூப்பின் இயல்பென்று வாளா விடத்தக்கதன்று, மருத்துவரிடம் காட்டத்தக்கது என்பதும் இத்தேட்டத்தினாலேயே எமக்குப் புலனாயிற்று. வீட்டாரும் அவ்வாறே செய்தனர்.

முடிவுரை

பாட்டனார்தம் இளமை மதிப்பெண் கிடைக்குமோ என்னும் ஆவலால், அவர் படித்த பள்ளிக்கு யாம் சென்றோம். அப்பள்ளியின் பெயர் ஈண்டு வேண்டா. பல ஆண்டுக்கு முன் கட்டடத்தைப் பழுது பார்த்தபோது, பழைய பதிவேடுகளை எடைக்கு விற்றுவிட்டதாகச் சொன்னார்கள். எவரும் தீய எண்ணத்தாற் செய்ததன்று. பயனற்றவை எனக் கருதினர். எடின்பரோ நிலவறையில் அறுபத்தைந்து ஆண்டு கிடந்த ஏடுகளையும் எவரேனும் அங்ஙனம் கருதியிருப்பின், இக்கட்டுரையிற் கூறிய ஒன்றும் உலகத்தார்க்குத் தெரிந்திராது. மூன்று பகுதிகளின் ஏடுகள் இல்லாமற் போனமையும் நமக்கோர் எச்சரிக்கை.

ஆதலின் நம் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் எம் வேண்டுகோள் ஒன்றுண்டு. நம் கல்லூரியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகள், தேர்வு ஏடுகள், விடுதிக் கணக்குகள் ஆகியவற்றைச் செல்லரிக்காமற் காத்து, பிறர் மறை வெளிப்படாவாறு பூட்டி வைத்து, பட்டியலிட்டுப் பேணுவோமாக. அவற்றால் வரும் பயனை இன்று நாம் அறியோம். 1932-இல் அத்தேர்வை நடத்திய ஆசிரியரும் அறிந்திலர்.

எம் பாட்டனார் காலை உணவை மறந்தாலும், தாம் முதன்முதற் கற்பித்த வகுப்பின் வருகைப் பட்டியலை அகர வரிசையில் இன்றும் தவறாது சொல்வார். இவ்விடுமுறையில் யாம் அவரருகிருந்து அதனை எழுதிக்கொண்டோம். பெயர்கள் முப்பத்தொன்று. அவ்வேடு எம்மிடம் உள்ளது.